தோட்ட வண்டிக்கு வலுவான பின் அச்சு

(தோட்ட ஓட்டுநர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில், ஓய்வு பெற்ற பட்டறைத் தலைவர் ஒருவர் ஆற்றிய உரை)



மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு பேசச் சொன்னால் எவ்வளவு நேரமும் பேசுவேன். ஆகவே சொற்களில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இன்றைய பேச்சுக்குக் காரணமாக அமைந்தது ஒரு கேள்வி. நம் தோட்டத்தை அடுத்துள்ள சிறு தோட்டக்காரர்களில் எட்டுக் குடும்பத்தார் ஒன்றுகூடிப் பழைய லேண்ட்ரோவர் வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். மேட்டுக் காட்டிலிருந்து கட்டிப்பால் மூட்டைகளைச் சாலைக்குக் கொண்டுவருவதற்காக அவ்வண்டி. இப்போது அதன் பின் அச்சில் ஓசை கேட்கிறதாம். "சாலிஸ்பரி அச்சு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, அப்படியே பூட்டிவிடலாம், சாலையிலும் வண்டி வேகமாக ஓடும்" என்று ஒருவர் அவர்களிடம் சொல்லியிருக்கிறார். வாங்கலாமா, வேண்டாமா என்று என்னைக் கேட்டார்கள். அச்சு வலுவானது என்பது உண்மை. ஆனால் அதன் கியர் விகிதம் என்ன என்று அவர்களுள் எவரும் கேட்கவில்லை. எட்டுக் குடும்பங்களின் சேமிப்பு அந்த ஒரு கேள்வியில் தங்கியிருக்கிறது. பணம் மட்டுமா? வண்டியில் ஏறுகின்றவர்களின் உயிரும் அதில்தான் தங்கியிருக்கிறது.

இவ்வண்டியைப் பற்றி அறியாத இளைஞர்களுக்காக ஓரிரு சொற்கள். லேண்ட்ரோவர் 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பட்டைச் சுருள் பொருத்திய பழைய வரிசை வண்டிகளின் உற்பத்தி 1985ஆம் ஆண்டோடு நின்றது. நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் கேமரன் மலைக்குப் போய்ப் பாருங்கள்; காய்கறிக் கூடைகளைச் சுமந்துகொண்டு இன்றும் அவை செங்குத்தான மண் பாதையில் ஏறிக்கொண்டிருக்கும். பழைய வண்டி என்று எளிதாக எண்ணிவிட இயலாது. ஆனால் பழைய வண்டிக்குப் பழைய பாகங்களே கிடைக்கும் என்பதால், எதை எதோடு சேர்ப்பது என்று அறிந்திருப்பது இன்றியமையாதது.

எஞ்சினின் வலிமை கியர் பெட்டி வழியாகவும், அதன் பின்னுள்ள டிரான்ஸ்பர் பெட்டி வழியாகவும், நீண்ட புரொப்பல்லர் ஷாப்ட் வழியாகவும் பின் அச்சை வந்தடைகிறது. அச்சின் நடுவே குடம் போலப் புடைத்திருக்கும் பகுதியில் பினியன் என்ற சிறு பற்சக்கரமும் கிரவுன் வீல் என்ற பெரும் பற்சக்கரமும் இருக்கின்றன. பினியன் பல முறை சுழன்றால் கிரவுன் வீல் ஒரு முறை சுழலும். அங்கிருந்து இருபக்கமும் இரண்டு இரும்புத் தண்டுகள் சக்கரங்களுக்குப் போகின்றன. அவற்றைத்தான் ஹாஃப் ஷாப்ட் என்கிறோம். லேண்ட்ரோவரில் வண்டியின் எடையை இத்தண்டுகள் தாங்குவதில்லை. வெளியே உள்ள அச்சுக் குழாயும் பேரிங்குகளும் தாங்குகின்றன. தண்டு முறுக்கத்தை மட்டுமே தாங்குகிறது. ஆதலால் தண்டு முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடிவிடாது. பிக்கப் வண்டிகள் பலவற்றில் இந்த ஏற்பாடு இல்லை. எடையையும் தண்டே தாங்குகிறது. அவற்றில் தண்டு முறிந்தால் சக்கரமே வெளியே வந்துவிடக்கூடும்.

சக்கரம் கழலாது என்று சொன்னேன். வண்டி நகராது என்று நான் சொல்லவில்லை.

1979ஆம் ஆண்டு மழைக்காலத்தில் பகாங்கில் ஒரு தோட்டத்துப் பட்டறையில் நான் உதவியாளாக இருந்தேன். ஒருநாள் நள்ளிரவில் மேல் லயத்திலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவத்திற்காக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. நீள வண்டி, பின்னால் அந்தப் பெண்ணும் அவர் தாயாரும், முன்னால் ஓட்டுநர் அண்ணனும் நானும். ஆற்றைத் தாண்டியதும் ஒரு செம்மண் ஏற்றம். நடு ஏற்றத்தில் சேற்றில் சுழன்ற பின் சக்கரம் ஒரு பாறையில் சட்டென்று பிடித்தது. துப்பாக்கி வெடித்தாற்போல் ஓர் ஓசை. எஞ்சின் இரைகிறது, வண்டி நகரவில்லை. அண்ணன் கிளட்சை மிதித்துக் கைப்பிரேக்கை இழுத்தார். வண்டி பின்னோக்கி இறங்கத் தொடங்கியது. பின்னே ஆறு.

"அண்ணே, கைப்பிரேக் பிடிக்கவில்லை!" என்று நான் கத்தினேன்.

"தம்பி, கத்தாதே. இறங்கிக் கட்டையை வை" என்றார் அவர். கால்பிரேக்கை முழு வலுவோடு மிதித்தபடி இருந்தார். நான் குதித்து, பாதையோரம் கிடந்த ரப்பர் மரக்கட்டை ஒன்றை உருட்டிச் சக்கரத்தின் பின்னே வைத்தேன். பிறகு அவர் சிவப்புக் குமிழ் போட்ட நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தார். முன் சக்கரங்களுக்கும் விசை போயிற்று. முன் அச்சு மட்டுமே இழுக்க, வண்டி அங்குலம் அங்குலமாக மேலேறியது. விடியுமுன் மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. இன்று அவர் ஆசிரியையாக இருக்கிறார்.

கைப்பிரேக் ஏன் பிடிக்கவில்லை? இதை ஓட்டுநர் தோழர்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். பழைய லேண்ட்ரோவரில் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத்தில் உள்ள ஓர் உருளையைப் பிடித்து, புரொப்பல்லர் ஷாப்ட்டைத்தான் அது நிறுத்துகிறது. ஷாப்ட் நின்றாலும், ஒரு ஹாஃப் ஷாப்ட் முறிந்துவிட்டால் டிபரன்ஷியலின் உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்கள் தாமாகச் சுழலும். மறுபக்கத்துச் சக்கரம் தடையின்றி உருளும். நான்கு சக்கர ஓட்டத்தைப் பூட்டினால்தான் முன் அச்சின் வழியாகக் கைப்பிரேக் பிடிக்கும். இதை அறிந்திருந்த ஒருவர் அன்று வண்டி ஓட்டியதால் நாங்கள் பிழைத்தோம். எனவே வலுவான அச்சைத் தேடுவது வேகத்துக்காக அன்று, ஏற்றத்தில் நிற்பதற்காக.

மறுநாள் தண்டைக் கழற்றிப் பார்த்தோம். முறிந்த முகத்தில் பாதி துருப்பிடித்துக் கறுத்திருந்தது. மீதி வெள்ளி போல் மின்னியது. கறுத்த பகுதி பழைய விரிசல். அது பல நாள்களாக உள்ளே வளர்ந்திருக்கிறது. மின்னிய பகுதிதான் அந்த இரவில் முறிந்தது. தண்டின் நுனியில் நேராக இருக்கவேண்டிய வரிப்பற்கள் முறுக்கிய கயிறு போலத் திரும்பியிருந்தன. குற்றம் வண்டியுடையதன்று, எங்களுடையது. அதற்கு முந்திய மாதங்களில், ஏற்றக்கூடாத அளவுக்குப் பாரம் ஏற்றியிருந்தோம். போதாக்குறைக்குப் பெரிய டயர்களையும் மாட்டியிருந்தோம்.

பாரமும் டயரும் தண்டை எப்படி முறிக்கும் என்று சிலர் கேட்கலாம். சக்கரம் வழுக்கினால் தண்டு தப்பித்துக்கொள்கிறது. சக்கரம் நிலத்தைப் பற்றிக்கொண்டால்தான் தண்டு முறுக்கப்படுகிறது. பற்றும் வலு எதைப் பொறுத்தது? சக்கரத்தின்மேல் அழுத்தும் எடையைப் பொறுத்தது. ஒரு கணக்குச் சொல்லுகிறேன். ஒரு பின் சக்கரத்தின்மேல் 600 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த கெட்டி நிலத்தில் அதில் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 480 கிலோ அளவுக்கு அச்சக்கரம் பற்றி இழுக்கும். சக்கரத்தின் நடுவிலிருந்து தரைவரை 38 சென்டிமீட்டர் என்றால், தண்டின்மேல் விழும் முறுக்கம் ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஏறத்தாழ 182 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். சக்கரத்தின்மேல் இன்னும் 300 கிலோவை ஏற்றினால் அது 274 கிலோவாகிறது. அதோடு டயரையும் பத்தில் ஒரு பங்கு பெரிதாக்கினால் 300 கிலோவைத் தாண்டிவிடும். தண்டோ அதே தண்டு.

"நம் எஞ்சின் சிறியதுதானே, அவ்வளவு விசையை எங்கே தரப்போகிறது?" என்று எண்ணி ஏமாறவேண்டாம். அக்காலத்து இரண்டே கால் லிட்டர் டீசல் எஞ்சின் தரும் முறுக்கம், அதே கம்பியின் நுனியில் 14 கிலோ தொங்குவதற்கு ஒப்பானது. ஆனால் சிவப்பு நெம்புகோலை இழுத்து முதல் கியரில் போட்டால் அது 40 மடங்காகப் பெருகுகிறது. உராய்வில் வீணாவது போக 500 கிலோவுக்குக் குறையாது. தண்டை முறிக்க அது தாராளமாகப் போதும்.

இனி அச்சுக்கு வருவோம். அவ்வண்டிகளில் முதலில் இருந்தது ரோவர் அச்சு. அதன் ஹாஃப் ஷாப்ட்டின் உள்நுனியில் 10 வரிப்பற்கள் இருக்கும். மூன்றாம் வரிசை வண்டிகள் 1971ஆம் ஆண்டு வந்தன. அக்காலத்தில் 109 அங்குல நீள வண்டிகளுக்குச் சாலிஸ்பரி என்ற பருத்த பின் அச்சு பொருத்தப்பட்டது. இது அமெரிக்காவின் டானா 60 என்ற புகழ்பெற்ற அச்சின் வழிவந்தது. தண்டு பருமனானது, வரிப்பற்கள் 24. கிரவுன் வீலின் குறுக்களவு ஒன்பதே முக்கால் அங்குலம். கரட்டு நிலத்தில் பாரம் சுமக்கும் நீள வண்டிக்கு இதுவே தக்கது என்பது என் துணிபு.

ஆனால் வலுவுக்கு விலை உண்டு. சாலிஸ்பரி கனமானது. அதன் குடம் பெரிது. தரைக்கு இன்னும் நெருங்கித் தொங்கும். நடுவில் மேடிட்ட பாதையில் அது உழுதுகொண்டே போகும். அதன் மூக்கு நீளம். ஆகையால் பின் புரொப்பல்லர் ஷாப்ட் குட்டையானதாக வேண்டும். இதை மறந்து அச்சை மட்டும் வாங்கி வந்து, பழைய ஷாப்ட்டைத் திணிக்கப் பார்த்தவர்களை நான் கண்டிருக்கிறேன். பழுது பார்ப்பதிலும் வேறுபாடு உண்டு. ரோவர் அச்சில் தண்டுகளை இழுத்துவிட்டு, சுற்றிலுமுள்ள நட்டுகளைக் கழற்றினால் பற்சக்கரத் தொகுதி முழுவதும் முன்பக்கமாகக் கையோடு வந்துவிடும். வேறொன்றை வைத்து மாலைக்குள் வண்டியை அனுப்பிவிடலாம். சாலிஸ்பரியில் பின்மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கலாம். அது நல்ல வசதிதான். ஆனால் கிரவுன் வீலை வெளியே எடுக்கவும், மெல்லிய தகடுகள் வைத்து மீண்டும் சரியாக அமைக்கவும் தனிக்கருவியும் பழகிய கையும் வேண்டும். தோட்டப் பட்டறையில் அது எளிதன்று. ஆகவே இலேசான பாரமும் நல்ல பாதையும் உள்ளவர்கள், நல்ல நிலையில் உள்ள ரோவர் அச்சையே வைத்துக்கொண்டு புதிய தண்டுகளைப் போட்டு ஓட்டலாம். அதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

இப்போது அந்த மலிவான அச்சு. பழைய வரிசை வண்டிகளின் விகிதம் 4.7. அதாவது புரொப்பல்லர் ஷாப்ட் 4.7 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். சாலிஸ்பரி அச்சிலும் 4.7 விகிதம் கொண்டது உண்டு. ஆனால் 1979ஆம் ஆண்டு வந்த எட்டு சிலிண்டர் வண்டியிலும் 1983ஆம் ஆண்டு வந்த 110 வண்டியிலும் உள்ள சாலிஸ்பரியின் விகிதம் 3.54. இவற்றுள் 110இன் அச்சு கம்பிச் சுருளுக்காகச் செய்யப்பட்டது. பட்டைச் சுருள் உட்காரும் இடம் அதில் இல்லை என்பதால் பார்த்த உடனே தெரிந்துவிடும். எட்டு சிலிண்டர் வண்டியின் அச்சுதான் ஏமாற்றும். அதுவும் பட்டைச் சுருளில் உட்காருவது. வெளியே பார்த்தால் 4.7 அச்சுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது, போல்ட்டுகளும் பொருந்திவிடும். "சாலையில் வேகமாக ஓடும்" என்று விற்பவர் சொன்னாராம் அல்லவா? அச்சொல்லைக் கேட்டவுடனே எனக்கு ஐயம் பிறந்தது.

பின்னே 3.54, முன்னே பழைய 4.7 என்று இருந்தால் என்ன ஆகும்? தார்ச்சாலையில், பின் சக்கரங்கள் மட்டும் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. வண்டி அமைதியாக ஓடும்; எல்லாரும் மகிழ்வார்கள். மேட்டுக் காட்டுக்குப் போய்ச் சிவப்பு நெம்புகோலை இழுத்தவுடன்தான் வினை. அவ்வண்டியில் லோ கியர் போட்டால் முன் அச்சும் தானாகவே சேர்ந்துகொள்ளும், பிரிக்க இயலாது. முன் சக்கரம் ஒரு மீட்டர் போகும் நேரத்தில் பின் சக்கரம் 1.33 மீட்டர் போக முயலும். ஒரே வண்டியில் இரண்டு காளைகள் வெவ்வேறு நடையில் இழுப்பது போல! டயர் தேயும், அல்லது தண்டு, பற்சக்கரம், டிரான்ஸ்பர் பெட்டி இவற்றுள் ஏதோ ஒன்று உடையும். சேற்றில் சற்றுத் தாங்கும். கெட்டி நிலத்தில் தாங்காது. இரு விகிதமும் சமமாக இருக்கும் வண்டியில்கூட, தார்ச்சாலையில் நான்கு சக்கர ஓட்டத்தைப் பூட்டக்கூடாது என்பதை நீங்கள் அறிவீர்கள். இது அதனினும் பன்மடங்கு கொடியது.

"அப்படியானால் முன் அச்சையும் 3.54க்கு மாற்றிவிட்டால்?" என்று நேற்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. மாற்றினால் ஒன்றையொன்று எதிர்க்காது. ஆனால் வேறோர் இழப்பு உண்டு. மூன்றாம் வரிசை வண்டியில் முதல் கியர் 3.68, டிரான்ஸ்பர் பெட்டியின் லோ 2.35, அச்சு 4.7. மூன்றையும் பெருக்கினால் 40.6. அச்சு 3.54 ஆனால் 30.6தான். நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. ஏறும்போது எஞ்சின் திணறும், ஓட்டுநர் கிளட்சைப் பாதி மிதித்தபடி ஏற்றுவார், கிளட்ச் கருகும். இறங்கும்போது அதைவிட ஆபத்து. மூட்டைகளோடு சரிவில் இறங்கும் வண்டியை எஞ்சினே பிடித்து நிறுத்தவேண்டும். விகிதம் குறைந்தால் அந்தப் பிடியும் குறையும். பிறகு கால்பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவோம், உருளை சூடேறும், மலையடிவாரத்தில் பிரேக் இருக்காது.

வேகத்தில் கிடைக்கும் பயன் என்ன? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், வழக்கமான டயரோடு, 4.7 அச்சில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,150 சுற்றுச் சுற்றும், 3.54இல் 1,600 சுற்று. இரைச்சல் குறையும்; எண்ணெயும் சிறிது மிச்சமாகலாம். பட்டணத்துக்குப் போய்வரும் வண்டிக்கு அது நன்மை. நாள்தோறும் மேட்டுக் காட்டில் மூட்டை சுமக்கும் வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய டயர் போட்டாலும் இதே கதைதான். டயர் பத்தில் ஒரு பங்கு பெரிதானால் 4.7 அச்சு 4.3 அச்சைப் போலத்தான் நடந்துகொள்ளும்.

வாங்குமுன் விகிதத்தை அறிய ஓர் எளிய வழி உண்டு. தனியாகத் தரையில் கிடக்கும் அச்சென்றால், ஒரு பக்கத்துச் சக்கரத் தட்டை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றப் பக்கத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். பினியனின் தட்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அது எத்தனை முறை சுழல்கிறது என்று எண்ணுங்கள். நாலே முக்காலுக்குச் சற்றுக் குறைவென்றால் 4.7. மூன்றரையைச் சற்றே தாண்டினால் 3.54. ஒரு சுற்றுப் போதாது. ஒரு பக்கம் நின்றிருப்பதால் டிபரன்ஷியல் கணக்கைப் பாதியாக்கிவிடும். வண்டியில் பூட்டியிருக்கும் அச்சென்றால் சமதளத்தில் நிறுத்தி, மற்ற மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே ஒரு சக்கரத்தைத் தூக்கவேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கவேண்டும், கைப்பிரேக்கையும் விடவேண்டியிருக்கும். கைப்பிரேக் எதைப் பிடிக்கிறது என்பதைத்தான் சொல்லிவிட்டேனே.

பின்மூடியைக் கழற்றிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். எண்ணெய் பால்காப்பி நிறத்தில் இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. அடியில் இரும்புத் துணுக்குகள் கிடந்தால் பல் உடைந்திருக்கிறது. இரண்டு தண்டுகளையும் வெளியே இழுத்து, வரிப்பற்கள் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். குழாய் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பூட்டியபின் புதிய எண்ணெய் ஊற்றுங்கள்; மேலேயுள்ள சிறு காற்றுத்துளையைச் சுத்தம் செய்யுங்கள். அது அடைபட்டால் ஆற்றைக் கடக்கும்போது சூடான அச்சு குளிர்ந்து, சீல் வழியாக நீரை உள்ளிழுக்கும்.

இன்னொன்று. சாலையில் ஓடும் வண்டியின் அமைப்பை நம் விருப்பம்போல் மாற்ற 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இடந்தராது. அச்சை மாற்றுமுன் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் விசாரித்து, வேண்டிய அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். வலுவான அச்சு போட்டாயிற்று என்று பாரத்தைக் கூட்டவும் வேண்டாம். பட்டைச் சுருளும் பிரேக்கும் சட்டமும் பழையனவே. வண்டிக் கையேட்டில் பாரம் இரண்டு அளவாகச் சொல்லப்பட்டிருக்கும். சாலைக்கு ஒன்று, கரட்டு நிலத்துக்கு அதனினும் குறைந்த ஒன்று. நமக்குரியது குறைந்ததுதான்.

எட்டுக் குடும்பத்தாருக்கு என் விடை இதுதான்: அந்த அச்சை நாளைக் காலையில் போய்ச் சுற்றிப் பாருங்கள். 4.7 என்றால், துணுக்கு இல்லையென்றால், குட்டை ஷாப்ட்டையும் சேர்த்துத் தருவதாக இருந்தால் வாங்குங்கள். 3.54 என்றால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சுண்ணக்கட்டி என்னிடம் இருக்கிறது. துணைக்கு வரவும் நான் அணியமாக இருக்கிறேன்.

அந்த 1979ஆம் ஆண்டுத் தண்டை நான் எறிந்துவிடவில்லை. இதோ மேசைமேல் இருக்கிறது. கறுத்த பகுதியும் மின்னிய பகுதியும் இன்று ஒரே நிறமாகத் துருவேறிவிட்டன; ஆனால் முறுக்கிய வரிப்பற்கள் அப்படியே இருக்கின்றன. பின்வரிசையில் உள்ளவர்களும் வந்து கையில் எடுத்துப் பார்க்கலாம். இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.